அமெரிக்க அஞ்சல் வாக்குகள்: கையொப்பச் சரிபார்ப்பும் மோசடிக் குற்றச்சாட்டுகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 நவம்பரில் நடந்த அமெரிக்க அதிபர் தேர்தலில் வாக்களித்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 43 பேர் அஞ்சல் வாக்குச்சீட்டைப் பயன்படுத்தினார்கள். அந்த வாக்குகள் ஒழுங்காகச் சரிபார்க்கப்பட்டனவா, அவற்றில் மோசடி கலந்ததா என்ற சச்சரவு இன்றும் ஓயவில்லை. இது பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு, நீதிமன்றங்களிலும் அரசு ஆய்வுகளிலும் பதிவானவற்றை வைத்து இங்கே விடை தரப்படுகிறது. பிழை, நிராகரிப்பு, மோசடி ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. அவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால் வந்ததே இந்தச் சச்சரவின் பெரும்பகுதி என்பது என் கருத்து. பின்வரும் விடைகள் அந்த மூன்றையும் பிரித்தே பேசுகின்றன.

அஞ்சல் வாக்கு எந்த இடத்தில் சரிபார்க்கப்படுகிறது?

உறையில்தான். வாக்குச்சீட்டில் வாக்காளரின் பெயரோ கையொப்பமோ இருக்காது, இருக்கவும் கூடாது. வாக்காளர் சீட்டைக் குறித்து உறைக்குள் வைத்து, உறையின் மேல் உறுதிமொழிக்குக் கீழே கையொப்பமிட்டு அனுப்புகிறார். உறையில் அவருக்கே உரிய பட்டைக்குறியீடு அச்சிடப்பட்டிருப்பதால், உறை தேர்தல் அலுவலகத்துக்கு வந்ததும் அவர் பதிவு பெற்ற வாக்காளரா, இந்தத் தேர்தலில் ஏற்கெனவே வாக்களித்துவிட்டாரா என்பது தெரிந்துவிடும். அதன் பிறகு கையொப்பம் அல்லது அந்த மாநிலம் கேட்கும் வேறு அடையாளம் பார்க்கப்படுகிறது. அதில் தேறிய உறையே பிரிக்கப்படும். பிரித்தவுடன் சீட்டு ஒரு பக்கமும் உறை இன்னொரு பக்கமும் போய்விடுவதால், எந்தச் சீட்டு எந்த உறையிலிருந்து வந்தது என்பதை யாராலும் சொல்ல முடியாது. வாக்கின் இரகசியத்தைக் காக்கும் ஏற்பாடு இதுதான். பின்னாளில் எழுந்த வழக்குகள் சிலவற்றுக்கு வேராக இருந்ததும் இதே ஏற்பாடுதான்.

கையொப்பத்தை யார் ஒப்பிடுகிறார்கள்? எதனுடன் ஒப்பிடுகிறார்கள்?

பெரும்பாலான இடங்களில் கவுண்டி (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற பிரிவு) தேர்தல் அலுவலக ஊழியர்களும் தற்காலிகப் பணியாளர்களும் இதைச் செய்கிறார்கள். இவர்கள் கையெழுத்து நிபுணர்கள் அல்லர், சில மணி நேரமோ சில நாட்களோ பயிற்சி பெற்றவர்கள். வாக்காளர் பதிவுப் படிவம், ஓட்டுநர் உரிமம், முந்தைய தேர்தல்களின் உறைகள் ஆகியவற்றிலுள்ள கையொப்பங்களைத் திரையில் வைத்துப் பார்க்கிறார்கள். எழுத்தின் சாய்வு, இடைவெளி, முதல் எழுத்தின் வடிவம், கோடு முடியும் விதம் போன்றவை கவனிக்கப்படும். சில பெரிய கவுண்டிகளில் முதல் சுற்றை இயந்திரம் பார்க்கும். இயந்திரம் ஐயப்பட்டவற்றை மனிதர்கள் பார்ப்பார்கள். கொலராடோ போன்ற மாநிலங்களில் இரு கட்சிகளையும் சேர்ந்தவர்கள் உடனிருந்து முடிவெடுத்தாலே ஒரு கையொப்பத்தை நிராகரிக்க முடியும்.

மனிதக் கையொப்பம் என்றும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதை இங்கே மறந்துவிடக்கூடாது. பதினெட்டு வயதில் உரிமம் எடுத்தபோது இட்ட கையொப்பத்துக்கும், முடக்குவாதம் கண்ட எழுபது வயதுக் கை இடும் கையொப்பத்துக்கும் ஒற்றுமை தேடுவது கடினம். ஆகவே பொருந்தாத கையொப்பம் என்றால் கள்ளக் கையொப்பம் என்று பொருள் கொள்ளக்கூடாது. பொருந்தாதவற்றில் மிகப் பெரும்பாலானவை அதே வாக்காளர் இட்டவைதான்.

எல்லா மாநிலங்களிலும் ஒரே முறையா?

இல்லை. அமெரிக்காவில் தேர்தலை நடத்துவது மாநிலங்களும் அவற்றின் கீழுள்ள கவுண்டிகளுமே. ஒரேகான், வாஷிங்டன், கொலராடோ, யூட்டா ஆகிய மாநிலங்கள் 2020க்கு முன்பே எல்லா வாக்காளர்களுக்கும் அஞ்சலில் சீட்டு அனுப்பிக்கொண்டிருந்தன. பல மாநிலங்களில் கையொப்பத்தை ஒப்பிடுகிறார்கள். விஸ்கான்சினில் ஒரு சாட்சி கையொப்பமிட வேண்டும். மினசோட்டாவில் அடையாள எண் கேட்கப்படுகிறது. பென்சில்வேனியாவில் சீட்டை இரகசிய உள்ளுறையில் இட்டு, அதை வெளியுறையில் வைக்க வேண்டும். ஒரு மாநிலத்தில் சட்டப்படி சரியான செயல் பக்கத்து மாநிலத்தில் குற்றமாக இருக்கலாம். ஓரிடத்தில் எடுத்த காணொளியை வேறோர் இடத்தின் சட்டத்தை வைத்து விமர்சித்ததால் 2020இல் கிளம்பிய வதந்திகளும் உண்டு.

தேர்தல் இரவில் முன்னிலையில் இருந்த டிரம்ப் விடிவதற்குள் பின்தங்கியது எப்படி?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. தொலைக்காட்சியில் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் காரணம் எண்ணும் வரிசையில் இருக்கிறது. அஞ்சல் வாக்கு நம்பத்தகாதது என்று குடியரசுக் கட்சி வேட்பாளர் டொனால்ட் டிரம்ப் பல மாதங்களாகச் சொல்லி வந்ததால் அவருடைய ஆதரவாளர்களில் பலர் நேரில் சென்று வாக்களித்தார்கள். கொரோனா காலத்தில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜோ பைடனின் ஆதரவாளர்களில் பலர் அஞ்சலைத் தேர்ந்தெடுத்தார்கள். பென்சில்வேனியாவிலும் விஸ்கான்சினிலும் தேர்தல் நாள் காலைக்கு முன் அஞ்சல் உறைகளைப் பிரித்து ஆயத்தப்படுத்தவே சட்டம் இடம் கொடுக்கவில்லை. முன்கூட்டியே ஆயத்தப்படுத்த அனுமதி கேட்டுத் தேர்தல் அலுவலர்கள் வேண்டியும் மாநிலச் சட்டமன்றங்கள் இசையவில்லை. அதனால் நேரடி வாக்குகள் முதலிலும் அஞ்சல் வாக்குகள் பின்னாலும் வந்தன. மில்வாக்கி நகரில் ஒரு இலட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட அஞ்சல் வாக்குகளின் முடிவு ஒரே மூச்சில் அதிகாலையில் அறிவிக்கப்பட்டது. வாரக்கணக்கில் முன்னதாகவே உறைகளைக் கையாள அனுமதித்த புளோரிடாவில் அன்றிரவே முடிவு தெரிந்துவிட்டது. அங்கே யாரும் நள்ளிரவு மாயம் பற்றிப் பேசவில்லை. ஒரே ஒரு விதியை மாற்றியிருந்தால் இந்த நாட்டின் மீது கவிந்த சந்தேகத்தில் பெரும்பங்கு எழாமலே போயிருக்கும் என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

ஜார்ஜியாவில் கையொப்பங்களைச் சரிபார்க்காமலே ஏற்றுக்கொண்டார்கள் என்பது உண்மையா?

இல்லை. 2020 மார்ச்சில் ஜனநாயகக் கட்சியுடன் மாநிலம் செய்துகொண்ட நீதிமன்ற உடன்படிக்கையை வைத்து இந்தக் குற்றச்சாட்டு எழுந்தது. ஒரு கையொப்பத்தை நிராகரிக்க வேண்டுமானால் மூன்று அலுவலர்களில் இருவராவது ஒத்துக்கொள்ள வேண்டும் என்றும், வாக்காளருக்கு உடனே தகவல் தர வேண்டும் என்றும் அது சொன்னது. ஒப்பிடும் கடமையை அது நீக்கவில்லை. தேர்தல்களுக்குப் பொறுப்பான மாநிலச் செயலர் அலுவலகத்தின் கணக்குப்படி, கையொப்பக் குறைபாட்டுக்காக நிராகரிக்கப்பட்ட அஞ்சல் வாக்குகள் 2018 பொதுத் தேர்தலில் 0.16 விழுக்காடு, 2020இல் 0.15 விழுக்காடு. எண்ணிக்கை பல மடங்கு பெருகியும் விகிதம் ஏறக்குறைய அசையவில்லை.

ஐயம் தொடர்ந்ததால் காப் கவுண்டியில் ஒரு தணிக்கை நடந்தது. ஜார்ஜியா புலனாய்வுத் துறையின் அலுவலர்கள் 15,118 உறைகளை எடுத்துக் கையொப்பங்களை மறுபடி ஒப்பிட்டார்கள். 2020 டிசம்பர் இறுதியில் அறிவிக்கப்பட்ட முடிவில் ஒரு மோசடி வாக்கும் இல்லை. வாக்காளரே உறுதி செய்யும்படி திருத்தத்துக்கு அனுப்பியிருக்க வேண்டிய உறைகள் இரண்டு மட்டும் தவறுதலாக ஏற்கப்பட்டிருந்தன. ஒன்றில் கணவன் மனைவி இருவரில் ஒருவருக்காக மற்றவர் கையொப்பமிட்டிருந்தார். இன்னொன்றில் கையொப்பம் தவறான இடத்தில் இருந்தது. மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 50 இலட்சம் சீட்டுகளும் கையால் எண்ணப்பட்டன. பிறகு இயந்திரத்தில் மறுபடியும் எண்ணப்பட்டன. பைடனின் முன்னிலை 11,779 வாக்குகளாக நிலைத்தது. 2021 ஜனவரி 2ஆம் நாள் டிரம்ப் மாநிலச் செயலர் பிராட் ராஃபன்ஸ்பெர்கரைத் தொலைபேசியில் அழைத்து, 11,780 வாக்குகளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று கேட்டது இந்த எண்ணை வைத்துத்தான். ராஃபன்ஸ்பெர்கர் குடியரசுக் கட்சிக்காரர், டிரம்புக்கு வாக்களித்தவர். அவர் இணங்கவில்லை.

அட்லாண்டாவில் வாக்கு எண்ணிய தாய், மகள் இருவரும் பெட்டிகளில் கள்ளச் சீட்டுகளை ஒளித்துக் கொண்டுவந்தார்கள் என்று பரப்பப்பட்ட கதை பொய் என்பதை முழுக் காணொளியைப் பார்த்த புலனாய்வாளர்கள் உறுதி செய்தார்கள். அந்த இருவரும் கொலை மிரட்டல்களுக்கு அஞ்சி வீட்டை விட்டே போக நேர்ந்தது. 2023 டிசம்பரில் ஒரு நடுவர் குழு, அவதூறு பரப்பிய டிரம்பின் வழக்கறிஞர் ரூடி ஜூலியானி அந்த இருவருக்கும் ஏறத்தாழ 14.8 கோடி டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இந்தச் சச்சரவைப் பற்றிப் பேசும் எவரும் அந்த இரு பெண்களை மறந்துவிட்டுப் பேசக்கூடாது.

பென்சில்வேனியாவில் தாமதமாக வந்த வாக்குகள்தான் பைடனை வெல்ல வைத்தனவா?

தேர்தல் நாளுக்குப் பின் மூன்று நாட்களுக்குள் வந்த வாக்குகளையும் ஏற்கலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அது சட்டமன்றத்தின் அதிகாரத்தில் தலையிடுவதாகும் என்ற எதிர்வாதம் முறையான சட்டக் கேள்விதான். அதை மோசடிக் குற்றச்சாட்டோடு சேர்க்கக்கூடாது. அந்த நாட்களில் வந்தவை ஏறத்தாழ 10,000 வாக்குகள். அவை தனியே பிரித்து வைக்கப்பட்டன, அதிபர் தேர்தலுக்கான கணக்கில் சேர்க்கப்படவில்லை. அவை இல்லாமலேயே பைடன் 80,555 வாக்குகள் முன்னிலை பெற்றார்.

அதே நீதிமன்றம், கையொப்பம் பொருந்தவில்லை என்ற ஒரே காரணத்துக்காக உறையை நிராகரிக்கும் அதிகாரத்தை மாநிலச் சட்டம் தரவில்லை என்று 2020 அக்டோபரில் தீர்ப்பளித்தது. உள்ளுறை இல்லாமல் வந்த சீட்டுகளை எண்ணக்கூடாது என்று அதற்கு முந்தைய மாதம் தீர்ப்பளித்திருந்தது. முதல் தீர்ப்பு ஒரு கட்சிக்கும் இரண்டாவது தீர்ப்பு மற்றதற்கும் உவப்பாக இருந்தன. உறையின் மேல் தேதி எழுதாததாலோ தவறான தேதி எழுதியதாலோ தள்ளப்பட்ட வாக்குகள் பற்றிய வழக்குகள் அதற்குப் பின்னும் ஆண்டுக்கணக்கில் நடந்தன. உறை வந்த நாளை அலுவலகமே முத்திரையிட்டுப் பதிந்துவிடும்போது, வாக்காளர் எழுதும் தேதி எதையும் நிறுவப் பயன்படுவதில்லை. அதற்காக ஒருவருடைய வாக்கைத் தூக்கி எறிவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆதாரத்தைப் பார்க்காமலே நீதிமன்றங்கள் வழக்குகளைத் தள்ளிவிட்டன என்கிறார்களே?

இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. அறுபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் தொடுக்கப்பட்டன. அவற்றில் சில, வழக்காடும் தகுதி இல்லை என்றோ காலம் கடந்து வந்தது என்றோ தள்ளுபடியாயின. பென்சில்வேனியா உள்ளிட்ட நான்கு மாநிலங்களுக்கு எதிராக டெக்ஸாஸ் தொடுத்த வழக்கை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 11 அன்று அப்படித்தான் தள்ளியது. விஸ்கான்சினில் இரண்டே கவுண்டிகளின் 2,21,000க்கும் மேற்பட்ட வாக்குகளை நீக்கக் கோரிய வழக்கை மாநில உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தள்ளியது. எதிர்ப்புக்கு உள்ளான நடைமுறைகள் தேர்தலுக்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்திருந்தும், வாக்களித்து முடித்த பிறகே வழக்கு வந்தது என்பது பெரும்பான்மை நீதிபதிகள் கூறிய காரணம்.

ஆனால் ஆதாரத்தை எடுத்துப் பார்த்த நீதிமன்றங்களும் உண்டு. நெவாடாவில் நீதிபதி ஜேம்ஸ் ரஸ்ஸல் சாட்சிகளின் வாக்குமூலங்களையும் நிபுணர் அறிக்கைகளையும் ஏற்று ஆராய்ந்தார். கிளார்க் கவுண்டியின் கையொப்பச் சரிபார்ப்பு இயந்திரம் பற்றிய புகார், ஒருவரே இரு முறை வாக்களித்தார் என்ற புகார், இறந்தவர் பெயரில் வாக்கு என்ற புகார் ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, எதற்கும் நம்பத்தகுந்த சான்று இல்லை என்று 35 பக்கத் தீர்ப்பில் எழுதினார். சில நாட்களில் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை உறுதி செய்தது.

நீதிமன்றத்துக்கு வெளியே சொன்னதும் உள்ளே சொன்னதும் வேறாக இருந்தன என்பதையும் கவனிக்க வேண்டும். நவம்பர் 17 அன்று பென்சில்வேனியாவில் நீதிபதி மாத்யூ பிரான் முன் வாதாடிய ஜூலியானி, இது மோசடி வழக்கு அல்ல என்று தாமே ஒப்புக்கொண்டார். மேல்முறையீட்டில் தீர்ப்பு எழுதிய ஸ்டெஃபனோஸ் பிபஸ் டிரம்ப் நியமித்த நீதிபதி. குற்றச்சாட்டு என்றால் குறிப்பான விவரமும் பிறகு சான்றும் வேண்டும், இங்கே இரண்டும் இல்லை என்று அவர் எழுதினார்.

மறு எண்ணிக்கையின்போது கையொப்பங்களையும் மறுபடி பார்த்திருக்கலாமே?

பார்க்கலாம், காப் கவுண்டியில் பார்த்தார்கள். ஆனால் உறையில் தவறு கண்டுபிடித்தாலும், அதற்குரிய சீட்டை எண்ணிக்கையிலிருந்து எடுக்க வழியில்லை. ஏனென்றால் அந்தச் சீட்டு எது என்பது யாருக்கும் தெரியாது. எனவே கையொப்பம் பற்றிய எதிர்ப்பு உறை பிரிக்கப்படும் முன், முகவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது எழ வேண்டும். சீட்டுகளைப் பத்து முறை எண்ணினாலும் உறையைப் பற்றி அவை ஒன்றும் சொல்லா என்ற வாதம் சரியானது. ஆனால் அதையே மோசடிக்குச் சான்றாகக் காட்ட முடியாது.

அப்படியானால் அஞ்சல் வாக்கில் மோசடி நடந்ததே இல்லையா?

நடந்திருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது இந்த முறையை ஆதரிப்பவர்களுக்கும் நல்லதல்ல. முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரும் முன்னாள் வெளியுறவுச் செயலர் ஜேம்ஸ் பேக்கரும் தலைமை வகித்த ஆணையம், தேர்தல் மோசடிக்கு வாய்ப்பு மிகுந்த வழி அஞ்சல் வாக்குதான் என்று 2005லேயே எழுதியது. 1997இல் மயாமி நகர மேயர் தேர்தலில் அஞ்சல் வாக்குகளில் நடந்த மோசடி நிரூபணமாகி, மறு ஆண்டு நீதிமன்றம் பதவியில் இருந்தவரை இறக்கியது.

இவற்றில் மிகவும் கற்க வேண்டியது வட கரோலினாவின் 9ஆம் காங்கிரஸ் தொகுதி. 2018இல் குடியரசுக் கட்சியின் மார்க் ஹாரிஸ் 905 வாக்குகள் முன்னிலை பெற்றார். பிளேடன் கவுண்டியில் அஞ்சலில் வாக்களித்தவர்களில் குடியரசுக் கட்சிப் பதிவு உடையவர்கள் 19 விழுக்காடு. ஆனால் அங்கே எண்ணப்பட்ட அஞ்சல் வாக்குகளில் 61 விழுக்காடு ஹாரிஸுக்குப் போயிருந்தது. மாநிலத் தேர்தல் வாரியம் முடிவுக்குச் சான்றளிக்க மறுத்து விசாரித்தது. ஹாரிஸின் தேர்தல் வேலைக்காக அமர்த்தப்பட்ட லெஸ்லி மெக்ரே டவ்லஸ் ஆட்களுக்குக் கூலி கொடுத்து வீடு வீடாக அனுப்பி, வாக்குச்சீட்டுகளைச் சட்டத்துக்கு மாறாகச் சேகரித்தது வெளிவந்தது. சில உறைகள் ஒட்டப்படாமலும் சில சீட்டுகள் முழுதாகக் குறிக்கப்படாமலும் அவர்கள் கைக்கு வந்தன. தாங்கள் நேரில் பாராத வாக்காளருக்குச் சாட்சிக் கையொப்பம் இட்டார்கள். சந்தேகம் வராமலிருக்க வாக்காளர் பயன்படுத்திய அதே நிற மையையே பயன்படுத்தியதாகவும், சில உறைகளாகப் பிரித்து அஞ்சலில் சேர்த்ததாகவும் விசாரணையில் சாட்சியம் வந்தது. 2019 பிப்ரவரி 21 அன்று ஹாரிஸே எழுந்து புதிய தேர்தல் வேண்டும் என்று சொல்ல, வாரியம் ஒருமனதாக அப்படியே ஆணையிட்டது. வழக்கு விசாரணைக்கு வரும் முன்பே டவ்லஸ் இறந்துவிட்டார்.

ஜனநாயகக் கட்சிக்குள்ளேயும் இப்படி நடந்தது. 2023 செப்டம்பரில் கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரில் மேயர் வேட்பாளருக்கான உட்கட்சித் தேர்தலில் ஜோ கானிம் 251 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். வாக்குப் பெட்டியில் ஒருவரே கட்டுக்கட்டாக உறைகளை இடும் கண்காணிப்புக் காணொளி வெளிவந்ததும், நீதிபதி அந்தத் தேர்தலைச் செல்லாது என்று அறிவித்து மறுதேர்தல் நடத்தச் செய்தார். 2020 மே மாதம் நியூ ஜெர்சியின் பேட்டர்சன் நகர மன்றத் தேர்தலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அஞ்சல் வாக்குகள் நிராகரிக்கப்பட்டு, ஒரு வட்டத்தில் மறுதேர்தலுக்கு ஆணை பிறந்தது.

இந்த நிகழ்வுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் பொதுவான ஒன்று தெரிகிறது. எல்லாம் சிறிய தேர்தல்கள், சில நூறு வாக்குகளில் முடிவாகக்கூடியவை. மோசடி உறைக்கு உள்ளே நடக்கவில்லை, வாக்காளரின் வாசலுக்கும் அஞ்சல் பெட்டிக்கும் நடுவில், வேறொருவர் கையில் உறை இருந்த நேரத்தில் நடந்தது. ஒவ்வொன்றும் தடயம் விட்டது, பிடிபட்டது. சில நூறு வாக்குகளுக்கே இத்தனை ஆட்களும் இத்தனை சாட்சிகளும் தேவைப்பட்டார்கள் என்றால், ஒரு மாநிலத்தில் பத்தாயிரக்கணக்கில் செய்து யாரும் வாய் திறக்காமல் இருப்பது எப்படி நடக்கும் என்பதைக் குற்றஞ்சாட்டுபவர்கள் விளக்க வேண்டும். போட்டி கடுமையாக இருந்த ஆறு மாநிலங்களில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2021இல் செய்த ஆய்வில், மோசடியாக இருக்கலாம் என்று ஐயத்துக்குள்ளானவை 475க்கும் குறைவு. அந்த ஆறு மாநிலங்களிலும் பைடனின் மொத்த முன்னிலை மூன்று இலட்சத்துக்கும் மேல்.

இறந்தவர்கள் வாக்களித்தார்களா?

ஜார்ஜியாவில் ஆயிரக்கணக்கில் என்று சொல்லப்பட்டது; மாநில விசாரணையில் நான்கு வாக்குகள் தெரியவந்தன. பெயரும் பிறந்த ஆண்டும் ஒத்துப்போகும் இரு வேறு மனிதர்களை ஒருவராகக் கொண்டதே அந்தப் பெரிய எண்ணுக்குக் காரணம். நெவாடாவில் ஒருவர், இறந்த தம் மனைவியின் பெயரில் யாரோ வாக்களித்துவிட்டதாகத் தொலைக்காட்சியில் புலம்பினார். அது மோசடிக்குச் சான்றாக நாடெங்கும் எடுத்துக்காட்டப்பட்டது. வாக்களித்தவர் அவரேதான் என்று பின்னர் தெரிந்தது. 2021இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆயினும் அந்த வாக்கு சரிபார்ப்பைக் கடந்து எண்ணிக்கையில் சேர்ந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். கையொப்ப ஒப்பீடு தவறே நேராத அரண் அன்று.

அரிசோனாவில் தனித் தணிக்கை நடந்ததே, அதில் என்ன வந்தது?

மாநில மேலவையின் குடியரசுக் கட்சித் தலைமை அமர்த்திய தனியார் நிறுவனம் மரிகோபா கவுண்டியின் ஏறத்தாழ 21 இலட்சம் சீட்டுகளை மாதக்கணக்கில் கையால் எண்ணியது. 2021 செப்டம்பரில் வந்த முடிவில் பைடனுக்கு 99 வாக்குகள் கூடியிருந்தன, டிரம்புக்கு 261 குறைந்திருந்தன. அடுத்த ஆண்டு ஆளுநர் தேர்தலில் 17,117 வாக்குகளில் தோற்ற குடியரசுக் கட்சி வேட்பாளர் கேரி லேக், அஞ்சல் உறைகளின் கையொப்பங்களை ஊழியர்கள் ஒருசில நொடிகளில் பார்த்து ஏற்றுவிட்டார்கள், அது சரிபார்ப்பே ஆகாது என்று வழக்காடினார். 2023 மே மாதம் மூன்று நாள் விசாரணைக்குப் பின் நீதிபதி பீட்டர் தாம்ஸன் வழக்கைத் தள்ளினார். ஒப்பீடு நடந்தது நிறுவப்பட்டுள்ளது என்றும், ஒரு கையொப்பத்துக்கு இத்தனை நொடி என்று சட்டம் வரையறுக்கவில்லை என்றும் அவர் கூறினார். தீர்ப்பு சட்டப்படி சரியே. ஆனால் எத்தனை நொடி போதும் என்பது நியாயமான கேள்வி. அதற்குச் சட்டமன்றம்தான் விடை சொல்ல வேண்டும்.

சரிபார்ப்பை இன்னும் கடுமையாக்கிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடாதா?

கடுமைக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் மோசடிக்காரர்கள் அல்லர். டெக்ஸாஸ் 2021இல் உறையில் அடையாள எண் எழுத வேண்டும் என்று சட்டம் இயற்றியது. பதிவேட்டில் எந்த எண் இருக்கிறதோ அதே எண்ணாக இருக்க வேண்டும். 2022 மார்ச்சில் நடந்த உட்கட்சித் தேர்தலில் அஞ்சல் வாக்குகளில் ஏறத்தாழ 12 விழுக்காடு, அதாவது 24,000க்கும் மேற்பட்டவை நிராகரிக்கப்பட்டன. டெக்ஸாஸில் அஞ்சலில் வாக்களிக்க அனுமதி பெற்றவர்களில் பெரும்பாலோர் 65 வயது கடந்த முதியவர்கள். உறையின் மடலுக்கு அடியில் இருந்த கட்டத்தைப் பார்க்காமல் விட்டவர்கள் அவர்களில் பலர். 2020இல் நாடு முழுவதும் நிராகரிப்பு 0.8 விழுக்காடுதான் என்பதோடு ஒப்பிட்டால் இதன் அளவு விளங்கும்.

கையொப்ப ஒப்பீட்டின் சுமையும் எல்லார் மீதும் சமமாக விழுவதில்லை. வாஷிங்டன் மாநிலத் தணிக்கையாளர் 2022இல் வெளியிட்ட ஆய்வில், கறுப்பின வாக்காளர்களின் சீட்டுகள் வெள்ளையர்களுடையதைப்போல் நான்கு மடங்கு விகிதத்தில் நிராகரிக்கப்பட்டிருந்தன. இளைஞர்களின் நிராகரிப்பு விகிதமும் கூடுதல். அலுவலர்களின் முடிவுகளில் பாகுபாட்டுக்குச் சான்று கிடைக்கவில்லை, ஆயினும் விளைவு அப்படி இருந்தது.

நான் அறிந்தவரையில் இதற்கு நல்ல மருந்து திருத்த வாய்ப்புதான். கையொப்பம் பொருந்தவில்லை என்றால் வாக்காளருக்குக் கடிதமோ குறுஞ்செய்தியோ அனுப்பி, அவர் அடையாளச் சான்றைக் காட்டி உறுதி செய்ய அவகாசம் தருகிறார்கள். உண்மையான வாக்காளரின் வாக்கு இதனால் பிழைக்கும். தன் பெயரில் வேறொருவர் வாக்களித்திருந்தால் அவருக்கு அதுவும் தெரிந்துவிடும். ஒரே கடிதம் இரண்டு வேலையையும் செய்கிறது.

தமிழ்நாட்டுத் தபால் வாக்கிலும் இப்படிச் சச்சரவு உண்டா?

உண்டு. நம் தபால் வாக்கில் கையொப்பத்தைப் பழைய கையொப்பத்தோடு ஒப்பிடுவதில்லை. உறுதிமொழிப் படிவத்தில் அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரின் சான்றொப்பம் வேண்டும். 2016 சட்டமன்றத் தேர்தலில் இராதாபுரம் தொகுதியில் அதிமுகவின் இன்பதுரை 49 வாக்குகள் வித்தியாசத்தில் திமுகவின் அப்பாவுவை வென்றதாக அறிவிக்கப்பட்டது. தலைமையாசிரியர்கள் சான்றொப்பமிட்ட 203 தபால் வாக்குகள், அவர்கள் அதற்குத் தகுதியுடைய அலுவலர் அல்லர் என்று தள்ளப்பட்டிருந்தன. சென்னை உயர் நீதிமன்றம் 2019 அக்டோபரில் அவற்றையும் சேர்த்து எண்ண உத்தரவிட்டது. எண்ணியும் ஆயிற்று, முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அந்தச் சட்டமன்றத்தின் ஐந்தாண்டும் கழிந்து 2021 தேர்தலே வந்துவிட்டது. அங்கும் வாக்களித்தவர்கள் அரசு ஊழியர்கள்தானா என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. உறையோடு வந்த தாளில் யார் கையொப்பமிட்டார் என்பதே வழக்கு.

அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலாவதாக, குடியுரிமை பெற்றவர்கள் மட்டுமே அதிபர், காங்கிரஸ் தேர்தல்களில் வாக்களிக்கலாம். பச்சை அட்டையோ வேலை விசாவோ உள்ளவர்கள், ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் நீட்டும் படிவத்தில் தவறுதலாகக் கூட வாக்காளராகப் பதிந்துகொள்ளக்கூடாது. குடிமகன் என்று பொய்யாக உறுதி கூறுவது நாடு கடத்தலுக்கே இட்டுச்செல்லக்கூடும். தவறுதலாக உங்கள் பெயருக்கு வாக்குச்சீட்டு வந்தால் அதைப் பயன்படுத்தாமல் தேர்தல் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.

குடிமக்களாக இருப்பவர்கள் உரிமத்தில் எப்படிக் கையொப்பமிட்டார்களோ அப்படியே உறையிலும் இட வேண்டும். ஊரில் முன்னெழுத்தோடு தமிழில் இட்டுப் பழகி, இங்கே ஆவணங்களில் முழுப் பெயரை ஆங்கிலத்தில் இட்டவர்கள் இதில் எளிதாகச் சறுக்கிவிடுவார்கள். கையொப்பம் மாறியிருந்தால் தேர்தலுக்கு முன்பே வாக்காளர் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

வீட்டில் ஒருவரே எல்லாருடைய உறைகளிலும் கையொப்பமிடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். வங்கிப் படிவத்தில் அப்பாவுக்காகப் போட்டுப் பழகிய கை இங்கேயும் போட்டுவிடும். ஆனால் காப் கவுண்டித் தணிக்கையில் அகப்பட்ட இரண்டு உறைகளில் ஒன்று அப்படிப்பட்டதுதான். பெற்றோருக்குக் கை நடுங்கினால் உதவி செய்வதற்கென்று உறையிலேயே தனி இடம் பல மாநிலங்களில் இருக்கிறது. அதில் உங்கள் பெயரை எழுதிக் கையொப்பமிடுங்கள், அவருடையதை அவரே கிறுக்கட்டும். திருத்தக் கடிதம் வந்தால் விளம்பரம் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். ஜார்ஜியாவில் தேர்தலுக்குப் பின் மூன்று நாட்களும் கொலராடோவில் எட்டு நாட்களும்தான் அவகாசம்.